மொரப்பூரில் நாசி உடுக்

சேலத்தை விட்டு ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் ரயில், லோக்கூர் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, பொம்மிடி தாண்டியதும் வேகம் பிடிக்கிறது. சேர்வராயன் மலை பின்னால் ஒதுங்குகிறது. செம்மண், கரட்டுப் பாறை, ஒற்றைப் பனை, மானாவாரிக் காடு, இடையிடையே மரவள்ளி. புளியமரங்கள் நெருங்கி வரத் தொடங்கும்போது மொரப்பூர் வந்துவிடுகிறது.

இன்று அங்கே இறங்குகிறவருக்கு அந்த ஊர் ஒரு காலத்தில் ஜங்ஷனாக இருந்தது தெரிய வழியில்லை. 1906-இல் இங்கிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை போனது. வியாபாரத்துக்காக மட்டும் போட்ட பாதை இல்லை அது, பஞ்சத்துக்காகப் போட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அன்றைக்கு மொரப்பூரும் தர்மபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் அரிசி வந்து சென்னையில் குவிந்தது. ரயில் போகிற ஊர் வரை அதைக் கொண்டுவர முடிந்தது. அதற்கு அப்பால் மாட்டு வண்டிதான் போகவேண்டும். மாடுகளோ தீவனமும் தண்ணீரும் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் இப்படிப்பட்ட வறண்ட சீமைகளுக்குக் காப்புப் பாதைகள் போட வேண்டும் என்ற யோசனை வந்தது. 1941-இல், போர்க்காலத்தில், இந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.

அரிசி வந்து சேர வழி தேடிப் பாதை போட்ட அந்த ஊரில், ஜகார்த்தாவின் அரிசிச் சோறு ஒன்றை ஆக்கிப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். அத்தை வீடு அங்கே இருக்கிறது. இந்தோனேசியாவில் காலையில் தேங்காய்ப்பாலில் சோறாக்கிச் சாப்பிடுகிறார்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். அது அத்தையின் மனதில் தங்கிவிட்டது. "இங்க வந்து ஆக்கு கண்ணு, பாப்போம். ஆனா அந்தச் சாமான் இந்தச் சாமான்னு டவுன்ல இருந்து மூட்டை கட்டிக்கிட்டு வராதே" என்றார். அதையே விதியாக எடுத்துக்கொண்டேன். தர்மபுரியிலும் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கிடைப்பதை வைத்து ஆக்குவது. இந்தப் பயணம் அந்தச் சாமான்களைத் தேடிச் சுற்றிய பயணம்.

ஜாவாவில், ஜகார்த்தாவின் பூர்வகுடிகளான பெத்தாவி மக்களின் சோறு இது. பெயர் நாசி உடுக். தனா அபாங் சந்தைக்குப் பக்கத்தில் கெபோன் காச்சாங் என்ற பகுதி இந்தச் சோற்றுக்கே பேர்போனது. வாழையிலையில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே வறுத்த சின்ன வெங்காயம் தூவிக் கொடுக்கிறார்கள். பிரிக்கும்போதே தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப் புல்லும் வெந்த வாசனை எழும். பக்கத்தில் வறுத்த கோழி, நறுக்கிய முட்டை அடை, வேர்க்கடலைச் சம்பல். சுமத்ராவின் வடமுனையான ஆச்சேவில் இதற்கு இணையானது நாசி குரிஹ். மலாய்க்காரர்களின் நாசி லெமாக்கை நம்மவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாப்பிட்டு நன்றாக அறிவார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் தேங்காய்ச் சோற்றையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்ப்பேன். நாம் வழக்கமாகச் செய்யும் தேங்காய்ச் சாதம் வேறு ஜாதி. அதில் சோறு தனியாக வெந்து, துருவிய தேங்காய் பிறகு தாளிப்போடு வந்து சேர்கிறது. இதில் அரிசி தேங்காய்ப்பாலைக் குடித்தே வேகிறது.

சுமத்ராவின் மேடான் நகரத்தில் இதைச் சாப்பிட்டபோது என்னைச் சுற்றித் தமிழ் முகங்கள் இருந்தன. 1863-இல் டெலி என்ற அந்தக் கரைக்கு நியன்ஹுயிஸ் என்ற டச்சுக்காரர் வந்து புகையிலை பயிரிட்டார். 1869-இல் டெலி கம்பெனி உருவானது. காட்டை வெட்டவும் சாலை போடவும் மாட்டு வண்டி ஓட்டவும் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் 1884-லிருந்து அங்கே நிற்கிறது. அதைச் சுற்றிய பகுதிக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. கங்காணி பின்னால் இந்தச் செம்மண்ணை விட்டுக் கிளம்பிப் போனவர்கள் அக்கரையில் தேங்காய்ப்பால் சோற்றை முதலில் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? அவர்கள் விட்டுப்போன ஊரில் அரிசி தினச் சாப்பாடாக இருந்ததில்லை.

அத்தை சிறுமியாக இருந்தபோது வீட்டில் களிதான். கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, கம்பங்கூழ். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசலோ கீரைக் கடைசலோ. நெல்லுச்சோறு பொங்கலுக்கு, தீபாவளிக்கு, விருந்தாளி வந்தால். "நெல்லுச்சோறு ஆக்கின அன்னிக்கு வாசல்ல உக்காந்து தின்போம், நாலு பேரு பாக்கணும்னு" என்று அத்தை சொன்னபோது அதில் வெட்கம் இல்லை, ஒரு மரியாதைதான் இருந்தது. அரிசியை இப்படி மதிக்கத் தெரிந்த கைக்கு, அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பதன் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் தேங்காய். மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் வழியாக வடக்கே போனால் இருமத்தூரில் தென்பெண்ணை குறுக்கிடுகிறது. நந்தி மலையில் பிறந்து கடலூரில் கடல் சேரும் இந்த ஆறு, இந்தப் பக்கம் வரும்போது பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. ஈச்சம்பாடி அணைக்கட்டுப் பாசனம் கிடைக்கிற இடங்களில் மட்டும் நெல் பச்சை தெரிகிறது. கால்வாய் எட்டாத அடுத்த வயலில் கேழ்வரகோ நிலக்கடலையோ. தண்ணீர் எதுவரை வந்தது என்பதைப் பயிரை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆற்றைத் தாண்டி, போச்சம்பள்ளிப் பக்கம் அரசம்பட்டியை நெருங்கும்போது நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரும் பாரூர் ஏரியும் அங்கே தென்னந்தோப்புகளை வளர்த்திருக்கின்றன. அரசம்பட்டி என்றாலே தென்னங்கன்று. ஊர் முழுக்கச் சாலையின் இருபக்கமும் நாற்றுப் பண்ணைகள். நெற்றை மண்ணில் பாதி புதைத்து வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அதன் தலையைப் பிளந்துகொண்டு முதல் இலை கூராக எழுகிறது. தாய் மரம் எது, எத்தனை வருஷம் காய்த்தது, காய் உருண்டையா நீளமா என்று பார்த்துத்தான் நெற்று எடுக்கிறார்கள். வெளிமாநிலங்களுக்கும் லாரி லாரியாகக் கன்று போகிறது. கடலுக்கு வெகு தூரத்தில், வறண்ட சீமையின் நடுவே, தென்னைக்கு ஒரு தாய்வீடு.

2011-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, உலகத்துத் தென்னைகளை இரண்டு பெரிய வம்சங்களாகப் பிரிக்கலாம் என்று காட்டியது. ஒன்று பசிபிக் பக்கம், தென்கிழக்காசியத் தீவுகளில் மனிதன் வளர்த்துப் பழக்கியது. மற்றது இந்தியப் பெருங்கடல் பக்கம், தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு ஓரங்களில் பழக்கியது. ஜாவாக்காரனும் தமிழனும் தேங்காயை ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கவில்லை. இரண்டு கரையிலும் தனித்தனியாகவே அதைக் கைவசப்படுத்தியிருக்கிறார்கள்.

பண்ணைக்காரர் முற்றின காய்களைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பால் எடுக்க என்றதும், குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்கிற, ஆனால் ரொம்பவும் காய்ந்துவிடாத காயாகத் தேர்ந்தார். வேலியோரம் எலுமிச்சைப் புல் ஒரு தூர் செழித்து நின்றது. டீயில் போடுவதற்காம். "புடுங்கிக்கங்க, காசெல்லாம் வேணாம்" என்றார். வாசலில் பூச்செடிகளோடு பிளாஸ்டிக் பையில் ஒரு ரம்பைச் செடியும் இருந்தது. இலங்கைத் தமிழர் சமையலில் அன்றாடம் விழுகிற அதே இலை. இங்கே அதைப் பிரியாணிச் செடி என்று விற்கிறார்கள். மூன்று பெரிய சாமான்கள் ஒரே வாசலில் கிடைத்துவிட்டன.

தர்மபுரியில் நான் தேடிப் போனது நாட்டு மருந்துக் கடை. இந்தோனேசியர்கள் லெங்குவாஸ் என்று சொல்லும் கிழங்கு நம் பேரரத்தை. இருமலுக்குச் சித்தரத்தை கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் கடைக்காரர் முதலில் அதைத்தான் எடுத்தார். சித்தரத்தை மெலிந்தது, காரம் கூடியது. சோற்றுக்குப் பேரரத்தையின் மிதமான மணம் போதும். காய்ந்த துண்டுகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் வேலைக்கு ஆகும். கிராம்பு, பட்டை, சாதிக்காய் எல்லாம் அதே கடையில். கிராம்பு மொலுக்கா தீவுகளின் மரம், சாதிக்காய் பாண்டா தீவுகளின் மரம். இரண்டுமே இன்றைய இந்தோனேசியா. நம் பாட்டிமார் பிள்ளைக்கு உரை மருந்து உரைத்தபோது அந்தத் தீவுகள்தான் உரைகல்லில் தேய்ந்தன.

அந்தக் கடையின் கண்ணாடிக் குப்பி ஒன்றில் பச்சைக் கற்பூரம் இருந்தது. சர்க்கரைப் பொங்கலில் கிள்ளிப் போடுகிற அந்த வாசனையின் பழைய ஊற்று சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ். அங்கே காட்டு மரங்களின் வயிற்றிலிருந்து கற்பூரத்தை எடுத்தார்கள். அதைத் தேடிப் போன தமிழ் வணிகர்கள் 1088-ஆம் ஆண்டில் அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டை நட்டார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் கல்வெட்டு அது. 1873-இல் லோபு துவா என்ற இடத்தில் அது கிடைத்தது. 1932-இல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைப் படித்து எழுதினார். கப்பலில் போனவர்கள் கரையில் மாதக்கணக்கில் காற்றுக்குக் காத்திருப்பார்கள். பருவக்காற்று திரும்பினால்தான் பாய் விரிக்க முடியும். அத்தனை மாதமும் அந்த ஊர் அடுப்பில் வெந்ததைத்தானே சாப்பிட்டிருப்பார்கள்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. சலாம் இலை. நாவல் மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலை அது. அதற்குப் பதிலாகப் பிரிஞ்சி இலை போடலாம் என்று சமையல் குறிப்புகள் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பிரிஞ்சி இலை விழுந்ததும் சோறு கல்யாண பிரியாணிப் பக்கம் திரும்பிவிடும். இல்லாததை இல்லாமலே விடுவது மேல். ரம்பை இலை அந்தப் பள்ளத்தைப் பாதி நிரப்பும்.

சந்தைப் பக்கம் புளி. தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமைக்குப் புளி பெரிய பிழைப்பு. மாசி பங்குனியில் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து, ஓடு நீக்கி, சுத்தியால் தட்டிக் கொட்டை எடுக்கிற சத்தம் தெருவெல்லாம் கேட்கும். கோது, நார், கொட்டை எதுவும் வீணாகாது. கொட்டைக்கும் தனி வியாபாரம் உண்டு. சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களின் அடிக்கட்டைகளை வழியெங்கும் பார்த்தேன். ஒரு மரம் நூறு வருஷம் நின்று ஒரு குடும்பத்துக்குச் சில்லறை கொடுத்திருக்கும். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

தர்மபுரிக்குத் தெற்கே அதியமான்கோட்டை. பழைய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இங்கே இன்னும் ஊர்ப்பெயராக வாழ்கிறது. அவன் முன்னோர்தான் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பது பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. தாவரவியல்காரர்கள் சொல்வது, தித்திக்கும் கரும்பை மனிதன் முதலில் பழக்கியது நியூகினித் தீவில் என்று. அந்தத் தீவின் மேற்குப் பாதி இன்று இந்தோனேசியா. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர், தன் அரசனின் குடிப் பெருமையாக, ஒரு பயிரைக் கொண்டுவந்ததைச் சொல்லியிருக்கிறார். போரில் வென்ற நாட்டைச் சொல்வது எல்லாப் புலவருக்கும் வழக்கம். இந்தக் கரும்புச் செய்தி எனக்கு அதைவிட உசத்தி.

கடத்தூர் வழியாகத் திரும்பும்போது கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து வந்தோம். ஒரு ஆலைக் கொட்டாயில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. வேர்க்கடலைச் சம்பலுக்கு ஒரு துண்டு வெல்லம் தேவைப்பட்டது. சூடாகவே கையில் வைத்தார்கள்.

அரிசி மொரப்பூர்க் கடையிலேயே வாங்கினோம், பொன்னிப் பச்சரிசி. பொன்னியின் பூர்வீகம் பலருக்குத் தெரியாது. 1950-களில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆசிய நாடுகளுக்காகச் சில ஒட்டுகள் கட்டினார்கள். அதில் ஒன்று தைவானின் தைச்சுங் 65 என்ற நெல்லையும் மலாய் மண்ணின் மாயாங் ஈபோஸ் என்ற நெல்லையும் சேர்த்தது. அந்த விதை மலேசியாவுக்குப் போய், அங்கே தேர்வாகி, 1965-இல் மசூரி என்ற பெயரில் வெளிவந்தது. மசூரி இந்தியாவுக்குத் திரும்பியது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. நம் வீட்டுச் சோறு என்று நாம் உரிமை கொண்டாடும் பொன்னிக்கு மலாய் நெல் ஒரு தாய்வழிப் பாட்டி. தேங்காய்ப்பாலில் வேகிறபோது அது புது இடத்துக்குப் போகவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

இனி அடுப்படி. அரைக் கிலோ அரிசியைக் களைந்து அரை மணி ஊறவைத்தோம். ஒரு பெரிய காயும் இன்னொன்றில் பாதியும் துருவி, அம்மியில் ஒன்றிரண்டாக ஓட்டி, வெந்நீர் தெளித்துப் பிழிந்து, முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்த்து முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்தோம். அகலமான பாத்திரத்தில் பால், உப்பு, நசுக்கிய எலுமிச்சைப் புல் இரண்டு தண்டு, முடிச்சுப் போட்ட ரம்பை இலை, ஊறிய பேரரத்தை, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. தீ மிதமாக இருக்க வேண்டும். கொதி வரும்வரை கரண்டி நிற்கக் கூடாது, நின்றால் பால் திரிந்துவிடும். கொதித்ததும் அரிசியைப் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால், பால் முழுக்க அரிசிக்குள் இறங்கிவிடும். அப்போது அரிசி பாதிதான் வெந்திருக்கும். அங்கே சமையலின் முதல் பாகம் முடிகிறது.

இரண்டாம் பாகம் ஆவி. ஜாவாவில் மூங்கிலால் பின்னிய கூம்புக் கூடையில் அரிசியைக் கொட்டி, உயரமான செம்புப் பானையின் மேல் செருகி ஆவியில் வைப்பார்கள். தேங்காய்ப்பால் கெட்டியானது, அதிலேயே கடைசிவரை வேகவிட்டால் அடி தீய்ந்து மேல் நொறுங்கலாக நிற்கும். ஆவியில் வைத்தால் பருக்கை பருக்கையாக, ஆனால் ஒன்றையொன்று விடாமல் வேகும். கூம்புக் கூடைக்கு மொரப்பூரில் எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அத்தை இட்லிப் பானையை எடுத்து வைத்துவிட்டார். தட்டில் ஈரத்துணி, அதன் மேல் பாதி வெந்த அரிசி, மேலே வாழையிலை மூடல். அரை மணி நேரம். இந்தோனேசிய வீட்டுக்காரி பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பாள்.

அது வேகிற நேரத்தில் சம்பல். மொரப்பூர்க் காட்டு நிலக்கடலையை வறுத்துத் தோல் புடைத்து, வரமிளகாய், பூண்டு, உப்பு, கடத்தூர் வெல்லம், புளித்தண்ணீர் சேர்த்து அம்மியில் அரைத்தோம். ஜகார்த்தாவில் காடி விடுவார்கள். தர்மபுரியில் புளியை விட்டுவிட்டு வேறு புளிப்பைத் தேட மனம் வரவில்லை. சின்ன வெங்காயத்தைச் சன்னமாக அரிந்து, தேங்காயெண்ணெயில் பொன்னிறத்துக்கு வறுத்து எடுத்தோம். நாட்டுக்கோழி முட்டை அடையைச் சுருட்டி நூல் நூலாக நறுக்கினோம். சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டையும் மொறுமொறுப்பாக வறுத்தார் அத்தை. அது அவர் சேர்த்தது.

நொறுங்கத் தின்ன அங்கே மரவள்ளி மாவில் செய்த குருப்புக் பொரிப்பார்கள். இங்கே ஜவ்வரிசி வடகம் பொரித்தோம். இரண்டும் ஒரே மாவு. ஜவ்வரிசி என்பது முதலில் கிழக்குத் தீவுகளில் ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த சாமான். கப்பலில்தான் நமக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜாவாவும் ஜப்பான் கைக்குப் போகவே வரத்து நின்றது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் சேலத்தில் மரவள்ளி மாவை உருட்டி ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். மொரப்பூரின் சின்ன ரயில் நின்ற அதே போர்க்காலத்தில், இந்த மண்ணின் மானாவாரிக் காடுகளுக்குப் புதிதாக ஒரு பிழைப்பு வந்து சேர்ந்தது. பொம்மிடி தாண்டியதும் ஜன்னலில் நான் பார்த்த மரவள்ளி அந்தப் பிழைப்புத்தான்.

பானையைத் திறந்ததும் வாசனை திண்ணை வரை போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னாங்க, பாயாசமா?" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம். வாழையிலையில் சோற்றை வைத்து, மேலே வெங்காயமும் முட்டையும் தூவி, ஓரத்தில் சம்பல். திகட்டும் என்று சந்தேகப்பட்ட அத்தை முதலில் ஒரு வாய்தான் வைத்தார். பிறகு கருவாட்டையும் சம்பலையும் பிசைந்து அமைதியாகச் சாப்பிட்டு முடித்தார். உப்பு இன்னும் அரைக் கல் வேண்டும் என்பதும், முதல் பாலைத் தனியாக வைத்து இறக்கும்போது ஊற்றினால் மணம் கூடும் என்பதும் அவர் தீர்ப்பு. இரண்டாவதை ஆச்சேவில் சிலர் செய்கிறார்களோ என்னவோ, அடுத்த முறை நான் செய்வேன்.

இந்தச் சோறு வைத்திருந்தால் கெட்டுப்போகும். தேங்காய்ப்பால் இரவு தாங்காது. அளவாக ஆக்கி அன்றே முடிக்க வேண்டும். சம்பல் அப்படியில்லை, நாலு நாள் நிற்கும். மிஞ்சிய சம்பலை மறுநாள் காலையில் கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொண்டோம். கொள்ளுக் கடைசலைவிட இது நன்றாக இறங்குகிறது என்று சொல்லி, அத்தை அதற்குமேல் அரைக்க நிலக்கடலையை முறத்தில் கொட்டினார்.